பாகூர் செப்பேடு பாரிஸில்... ஊரில் மிச்சமிருப்பது என்ன?

புதுச்சேரியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது பாகூர். பெரிய ஏரி, பச்சைப் பசேலென வயல்கள், நடுவே மூலநாதர் கோயில். இந்த அமைதியான ஊரில், 1,100 ஆண்டுகளுக்கு முன்பே ஓர் உயர்கல்வி நிலையம் இயங்கியது தெரியுமா?

அதற்கான ஆதாரம், 1879-ல் பாகூரில் கிடைத்த செப்பேடு. ஐந்து ஏடுகள் கொண்ட இது, பல்லவ மன்னர் நிருபதுங்கவர்மனின் 8-ம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. பாகூரில் இருந்த 'வித்யாஸ்தான'த்துக்கு சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி ஆகிய மூன்று கிராமங்கள் தானமாக வழங்கப்பட்டதை அது சொல்கிறது. மன்னரின் புகழ் வடமொழியில். ஊர் எல்லைகள் போன்ற நடைமுறை விவரங்கள் தமிழில். அங்கு 14 வகைக் கல்வி கற்பிக்கப்பட்டதாக வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன.

மூன்று ஊர்களின் வருவாய் முழுக்க படிப்புக்கே! ஆனால், இந்தப் பெருமையைச் சொல்லும் செப்பேடு இன்று பாகூரில் இல்லை. பாரிஸில் உள்ள பிரான்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. சோழர்களின் ஆனைமங்கலம் செப்பேடு நெதர்லாந்தின் லெய்டனுக்குப் போன கதை பலருக்கும் தெரியும். பாகூர் செப்பேட்டின் கதை அந்த அளவுக்குப் பேசப்படவில்லை.

சுவர்களே ஆவணக்காப்பகம்

செப்பேடு கடல் கடந்தாலும், கல்வெட்டுகள் ஊரிலேயே இருக்கின்றன. மூலநாதர் கோயில் சுவர்களில் சோழர் காலக் கல்வெட்டுகளோடு, ராஷ்டிரகூட மன்னர் கன்னரதேவன் காலத்தவையும் உண்டு. வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயிலும் கல்வெட்டுகளுக்குப் பெயர்பெற்றது.

இவற்றை ஊர் ஊராகத் தேடித் தொகுத்தவர், பாகூரைச் சேர்ந்த ஆய்வாளர் பாகூர் சு.குப்புசாமி. அவரது தொகுப்பை கல்வெட்டு அறிஞர் கோ.விஜயவேணுகோபால் பதிப்பிக்க, 2006-ல் புதுச்சேரி மாநிலக் கல்வெட்டுகள் நூலாக வெளிவந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான், புதுச்சேரியில் உள்ள சைவ ஓலைச்சுவடிகள் யுனெஸ்கோவின் 'உலக நினைவகம்' பட்டியலில் இடம்பிடித்தன.

சுவடிக்குக் குளிரூட்டிய அறை உண்டு. கோயில் சுவருக்கு மக்கள்தான் காவல். கல்வெட்டின் மீது சுண்ணாம்பு, பெயின்ட் பூசுவது, விளக்கு ஏற்றி எண்ணெய்ப் பிசுக்கு படியவிடுவது, திருப்பணியின்போது மணல் வீச்சு இயந்திரத்தால் சுத்தம் செய்வது... எல்லாமே எழுத்துகளைச் சிதைக்கும். படியெடுக்கும் முன்பே ஒரு வரி அழிந்தால், அதை எந்த நாட்டு அருங்காட்சியகத்திலும் தேடிப் பெற முடியாது.

அடுத்த முறை பாகூர், வில்லியனூர் பக்கம் போனால், சாமி கும்பிட்ட பிறகு அந்தச் சுவர்களையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு வாருங்கள். கூடவே குழந்தைகளையும் அழைத்துப் போங்கள்!