படம் பேசும் துப்பறியும் கதைகள்

(இரண்டாம் ஆண்டு, சிவில் பிரிவு)



துப்பறியும் கதை என்றால் நம்மில் பலருக்கு உயிர். ஆனால் கதைக்கு நடுவே வரும் படத்தை எத்தனை பேர் உற்றுப் பார்க்கிறோம்? பெரும்பாலும் அது அழகுக்குத்தான். எடுத்துவிட்டாலும் கதை நிற்கும். ஆனால் படத்தை எடுத்தால் கதையே நிற்காது என்கிற மாதிரி எழுதப்பட்ட கதைகளும் உண்டு. அவற்றைக் கொஞ்சம் பார்ப்போமா?

ஆடும் மனிதர்கள்

1903-ல் ஆர்தர் கானன் டாயில் எழுதிய ஷெர்லாக் ஹோம்ஸ் சிறுகதை ஒன்றில், ஒரு வீட்டில் ஆடும் மனிதர்கள் போலக் குச்சிப் படங்கள் தோன்றுகின்றன. சின்னப் பிள்ளைக் கிறுக்கல் மாதிரிதான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு உருவமும் ஓர் ஆங்கில எழுத்து! ஆங்கிலத்தில் அதிகம் வருவது 'இ' என்ற எழுத்து. ஆகவே அதிகம் வரும் உருவம் 'இ'. கொடி பிடித்த உருவம் வந்தால் ஒரு சொல் முடிந்தது. இப்படித்தான் ஹோம்ஸ் முடிச்சை அவிழ்க்கிறார். படங்கள் கதையிலேயே அச்சாகி இருப்பதால் நாமும் பென்சிலோடு உட்காரலாம்.

ஃபைலே நாவல்

1936-ல் இங்கிலாந்தில் டென்னிஸ் வீட்லி, ஜே.ஜி. லிங்க்ஸ் என்ற இருவர் 'மர்டர் ஆஃப் மியாமி' என்று ஒரு புதுமை செய்தார்கள். அது சாதாரணப் புத்தகமே இல்லை, ஒரு போலீஸ் ஃபைல். உள்ளே தந்திகள், கடிதங்கள், விசாரணை அறிக்கைகள், போட்டோக்கள். அதோடு விட்டார்களா? ரத்தக் கறை படிந்த திரைத்துணித் துண்டு, தலைமுடி, எரிந்த தீக்குச்சி எல்லாம் நிஜமாகவே வைத்திருந்தார்கள். விடை இருந்த கடைசிப் பக்கங்களை ஒட்டி மூடிவிட்டார்கள். 1939-க்குள் இதே பாணியில் இன்னும் மூன்று வந்தன.

வீட்டு பிளானே சாட்சி

நம் சிவில் மாணவர்களுக்கு ரொம்பப் பிடிக்கக் கூடியது இதுதான். ஜப்பானில் உகெட்சு என்று ஓர் எழுத்தாளர். வெள்ளை முகமூடி போட்டுக்கொண்டுதான் வெளியே தோன்றுவார். 2021-ல் வந்த இவருடைய 'விசித்திர வீடு' என்னும் நாவல் ஒரு பிளானில் ஆரம்பிக்கிறது. ஒருவர் டோக்கியோவில் பழைய வீடு ஒன்றை வாங்க நினைக்கிறார். பிளானில் கீழ்த்தளத்தில் சுவர்களுக்கு நடுவே ஒரு சின்ன இடம். அதற்குள் போகக் கதவே இல்லை. மாடியில் குழந்தையின் அறைக்கு ஒரு ஜன்னல்கூட இல்லை. ஏன் இப்படிக் கட்டினார்கள்? இந்தக் கேள்வியிலிருந்துதான் முழுக் கதையும் கிளம்புகிறது. விடையைச் சொல்லமாட்டேன், நீங்களே படியுங்கள்!

என் அப்பா கொத்தனார், பள்ளிக்கூடம் போகாதவர். ஆனால் எந்த பிளானைக் காட்டினாலும், "இந்த ரூமுக்குக் காத்து எங்கேருந்துடா வரும்?" என்றுதான் முதலில் கேட்பார். இந்த நாவலை அவர் கையில் கொடுத்தால், எழுத்தைப் படிக்காமலேயே முதல் துப்பைப் பிடித்துவிடுவார்!

இந்தக் கதைகளின் நேர்மை அதில்தான் இருக்கிறது. எழுத்தாளர் வார்த்தையால் நம்மைத் திசை திருப்பலாம். ஆனால் துப்பறிபவர் பார்த்த அதே படம் நம் கண் முன்னாலும் கிடக்கிறது. பெரிய படிப்போ இங்கிலீஷோ இல்லாதவரும் உற்றுப் பார்த்தால் ஜெயிக்கலாம்.

ஆகவே நண்பர்களே, டிராயிங் வகுப்பை மார்க்குக்காக மட்டும் நினைக்காதீர்கள். ஒரு பிளானைப் பார்த்தால் எது இருக்கிறது என்பதோடு, எது இல்லை என்றும் தேடிப் பழகுங்கள். நாளைக்கு சைட்டில் நிற்கும்போது அதுதான் கைகொடுக்கும்.