காப்பிக் கடையில் பிறந்த யாத்திரை

கையில் காசில்லாமல் பாதி உலகம் நடந்த இருவர்

பெங்களூரில் காப்பிக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. காலையில் பேப்பரும் கையுமாக உட்கார்ந்து, 'பை டூ' என்று சொல்லி ஒரு காப்பியை இருவர் பகிர்ந்துகொண்டு, உலக விவகாரங்களை எல்லாம் அலசித் தீர்த்துவிட்டு எழுந்து போவது இந்த ஊரின் பழக்கம். டம்ளர் காலியானதும் பேச்சும் முடிந்துவிடும். வீட்டுக்குப் போனால் யாருக்கும் அது நினைவிருக்காது.

ஆனால் 1961-ம் ஆண்டில் பெங்களூர் காப்பிக் கடை ஒன்றில் தொடங்கிய பேச்சு அப்படி முடியவில்லை. அது டெல்லிக்குப் போயிற்று. அங்கிருந்து மாஸ்கோவுக்கும், பாரிசுக்கும், லண்டனுக்கும், கடைசியில் வாஷிங்டனுக்கும் போயிற்று. போனது ரயிலில் அல்ல, விமானத்தில் அல்ல. இரண்டு ஜோடிக் கால்களில்!

அந்தக் கால்களுக்குச் சொந்தக்காரர்கள் சதீஷ் குமார், ஈ.பி.மேனன் என்ற இரு இளைஞர்கள். ஒருவர் ராஜஸ்தானத்துக்காரர். மற்றவர் கேரளத்துக்காரர். இருவரையும் சேர்த்து வைத்தது ஆசார்ய வினோபா பாவேயின் இயக்கம்.

யார் இவர்கள்?

சதீஷ் குமார் 1936-ல் ராஜஸ்தானில் ஸ்ரீடூங்கர்கர் என்ற ஊரில் பிறந்தவர். ஒன்பது வயதிலேயே ஜைனத் துறவியாகிவிட்டார். ஜைனத் துறவிகள் வண்டி ஏறமாட்டார்கள். எங்கே போவதானாலும் நடைதான். ஆகவே அவருடைய கால்களுக்குச் சிறு வயதிலேயே பயிற்சி கிடைத்துவிட்டது. பதினெட்டு வயதில் துறவு வாழ்க்கையை விட்டு வெளியே வந்து வினோபாவின் பூமிதான இயக்கத்தில் சேர்ந்தார்.

பூமிதான இயக்கம் 1951 ஏப்ரலில் தெலங்கானாவில் போச்சம்பள்ளி கிராமத்தில் தொடங்கியது. நிலம் உள்ளவர்களிடம் இல்லாதவர்களுக்காக நிலம் கேட்டு, ஊர் ஊராக நடந்தார் வினோபா. அவரோடு நடந்தவர்களுக்கு ஒரு விஷயம் பழகிவிட்டது. முன்பின் தெரியாத ஊரில், முன்பின் தெரியாதவர் வீட்டில், போட்டதைச் சாப்பிட்டு, கொடுத்த இடத்தில் படுப்பது. பிற்பாடு கைகொடுத்தது இந்தப் பழக்கம்தான்.

மேனனும் அதே இயக்கத்தின் தொண்டர். இருவரும் 1961-ல் பெங்களூரில் இருந்தார்கள்.

பேப்பரில் வந்த செய்தி

அந்த ஆண்டு செப்டம்பரில் லண்டனில் இருந்து ஒரு செய்தி வந்தது. பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் என்ற பேரறிஞரைச் சிறையில் அடைத்தார்கள் என்பதே அது. நோபல் பரிசு பெற்றவர். அப்போது அவருக்கு வயது 89. அணுகுண்டு வேண்டாம் என்று போராடியதுதான் அவர் செய்த குற்றம்.

காப்பிக் கடையில் அந்தச் செய்தியைப் படித்த இரு நண்பர்களுக்கும் வெட்கமாகிவிட்டது. தள்ளாத வயதில் ஒரு பெரியவர் உலகத்துக்காகச் சிறைக்குப் போகிறார். கல்லைத் தின்றாலும் செரிக்கும் வயதில் நாம் இங்கே உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருக்கிறோமே என்று தோன்றியது.

அன்றைக்கு உலகில் அணுகுண்டு வைத்திருந்தவை நான்கு நாடுகள்: அமெரிக்கா, சோவியத் ரஷ்யா, பிரிட்டன், பிரான்சு. சீனா குண்டு வெடித்தது 1964-ல். நம் நாட்டின் பொக்ரான் சோதனை 1974-ல். ஆகவே நான்கு தலைநகரங்களுக்கும் நடந்தே போய், குண்டு வேண்டாம் என்று கேட்டுக்கொள்வது என்று இருவரும் தீர்மானித்தார்கள்.

வினோபா கொடுத்த இரண்டு ஆயுதங்கள்

ஆசி பெறுவதற்காக வினோபாவிடம் போனார்கள். அவர் தடுக்கவில்லை. ஆனால் இரண்டு நிபந்தனை போட்டார். ஒன்று, கையில் காசு கூடாது. இரண்டு, எந்த நாட்டுக்குப் போனாலும் சைவ உணவே சாப்பிட வேண்டும். இவை இரண்டும் உங்களுக்கு ஆயுதங்கள் என்றாராம்.

இது என்ன ஆயுதம் என்று கேட்கத் தோன்றும். காசு உள்ளவன் சாயங்காலமானால் ஓட்டலைத் தேடுவான். அறையைப் பூட்டிக்கொண்டு படுப்பான். யாரோடும் அவனுக்குப் பேச்சு வேண்டியதில்லை. காசில்லாதவன் யாராவது ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டித்தான் ஆகவேண்டும். சைவம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். மிருகத்தையே கொல்லக்கூடாது என்கிறவன் மனிதனைக் கொல்லும் குண்டைப் பற்றிப் பேச அங்கேயே வழி பிறந்துவிடும். வினோபாவின் கணக்கு அதுதான்.

1962 ஜூன் 1-ந்தேதி டெல்லியில் காந்திஜியின் சமாதியில் வணங்கிவிட்டு இருவரும் நடக்கத் தொடங்கினார்கள்.

எல்லையில் ஒரு சோதனை

முதல் சோதனை பாகிஸ்தான் எல்லையில் வந்தது. நாடு பிரிந்து 15 ஆண்டுகளே ஆகியிருந்த நேரம். வழியனுப்ப வந்த நண்பர்கள் சாப்பாட்டுப் பொட்டலங்களை நீட்டினார்கள். அந்தப் பக்கம் யார் சோறு போடப்போகிறார்கள், இதையாவது கொண்டுபோங்கள் என்றார்கள்.

இருவரும் வாங்கவில்லை. பொட்டலத்தைச் சுமந்துகொண்டு போனால், அந்த நாட்டு மக்களை நாங்கள் நம்பவில்லை என்றல்லவா ஆகிவிடும் என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். நண்பர்கள் கண்ணீரோடு நின்றார்கள்.

எல்லையைத் தாண்டினால், இவர்களைப் பற்றிக் கேள்விப்பட்ட ஒருவர் வழியில் காத்துக்கொண்டிருக்கிறார்! சமாதானத்துக்காக நடந்து வருகிறவர்கள் நீங்கள்தானா என்று கேட்டு, லாகூருக்கு அழைத்துப் போய் உபசரித்தார். நம்பிக்கை வைத்த முதல் நாளே அது வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்தது.

பிறகு கைபர் கணவாய், ஆப்கானிஸ்தானம், ஈரான் என்று நடை நீண்டது. எல்லா நாளும் விருந்தாக அமைந்துவிடவில்லை. சோறு கிடைக்காத நாள் உபவாச நாள். கூரை கிடைக்காத இரவு நட்சத்திரங்களுக்குக் கீழே உறக்கம். சதீஷ் குமார் பிற்காலத்தில் இதைச் சிரித்துக்கொண்டே சொல்வது வழக்கம்.

இவர்கள் நடந்துகொண்டிருந்த அந்த 1962 அக்டோபரில்தான் கியூபா ஏவுகணை விவகாரம் வெடித்தது. அமெரிக்காவும் ரஷ்யாவும் அணு யுத்தத்தின் விளிம்புவரை போய்த் திரும்பின. அதே மாதத்தில் இந்தியாவின் மீது சீனப் படையெடுப்பும் நடந்தது. ஊரில் யுத்தம், உலகில் யுத்த பயம். இவர்களோ எங்கேயோ ஒரு சாலையில் சமாதானம் பேசிக்கொண்டு நடந்தார்கள். பைத்தியக்காரத்தனம் என்று சிலர் சொல்லியிருந்தால் அதில் ஆச்சரியமில்லை.

நான்கு தேயிலைப் பொட்டலம்

சோவியத் நாட்டில் கருங்கடல் பக்கம் நடக்கும்போது, ஒரு தேயிலைத் தொழிற்சாலை வாசலில் இரு பெண்களைச் சந்தித்தார்கள். எங்கிருந்து எங்கே போகிறீர்கள் என்று அந்தப் பெண்கள் விசாரித்தார்கள். இவர்கள் விவரம் சொன்னார்கள். அவர்களில் ஒருத்தி உள்ளே போய் நான்கு சிறு தேயிலைப் பொட்டலங்களோடு வந்தாள்.

இது உங்களுக்கு அல்ல. நான்கு நாட்டுத் தலைவர்களுக்கும் ஆளுக்கொன்று கொடுங்கள். குண்டு போடும் பித்தானை அழுத்தவேண்டும் என்று என்றைக்காவது தோன்றினால், ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு, இந்தத் தேநீரைப் போட்டுக் குடிக்கச் சொல்லுங்கள் என்பது அவள் சொல்லி அனுப்பிய சேதியின் சாரம்.

அவள் மந்திரியல்ல, தலைவியல்ல. ஆலையில் வேலை செய்யும் ஒரு பெண். கோபம் வந்தவனுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுத்து உட்காரவைக்கும் நம் வீட்டுப் பாட்டிகளின் யோசனைதான் அவளுக்கும் தோன்றியது. அதுவரை வெறுங்கையோடு நடந்தவர்களுக்கு அன்றுமுதல் ஒரு தூதுவேலை வந்து சேர்ந்தது.

பனி கொட்டும் ரஷ்யச் சாலைகளைக் கடந்து மாஸ்கோ போனார்கள். முதல் பொட்டலம் அங்கே சேர்ந்தது. போலந்து, ஜெர்மனி, பெல்ஜியம் வழியாகப் பாரிஸ் போனார்கள். அங்கே ஜனாதிபதி டிகாலைப் பார்க்க முடியவில்லை. மாளிகை முன்னால் ஆர்ப்பாட்டம் செய்தார்கள். போலீசார் பிடித்துச் சிறையில் வைத்தார்கள். யாருடைய சிறைவாசச் செய்தியைப் படித்துக் கிளம்பினார்களோ, அவர் வழியிலேயே இவர்களும் சிறை பார்த்தாயிற்று!

கடல் தாண்டி இங்கிலாந்து போனதும் ரஸ்ஸலையே நேரில் சந்தித்தார்கள். அட்லாண்டிக் கடலை நடந்து கடக்க முடியாதே! அமெரிக்காவுக்குக் கப்பல் டிக்கெட் கிடைக்க அவரும் உதவினார். 'குவீன் மேரி' கப்பலில் நியூயார்க் போய்ச் சேர்ந்தார்கள்.

சமாதியில் தொடங்கி சமாதியில்...

அமெரிக்க ஜனாதிபதி கென்னடியைப் பார்த்து நான்காவது பொட்டலத்தைக் கொடுப்பது என்பது திட்டம். ஆனால் 1963 நவம்பர் 22-ந்தேதி டல்லாஸ் நகரில் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார்.

நியூயார்க்கில் இருந்து வாஷிங்டனுக்கு நடந்து போனவர்கள், 1964 ஜனவரியில் ஆர்லிங்டன் மயானத்தில் கென்னடியின் சமாதி முன்னால் யாத்திரையை முடித்தார்கள். வெள்ளை மாளிகையில் தேயிலையும் சேர்க்கப்பட்டது. காந்திஜியின் சமாதியில் தொடங்கிய நடை, கென்னடியின் சமாதியில் நின்றது. இருவருமே துப்பாக்கிக்குப் பலியானவர்கள் என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

நடந்த தூரம் சுமார் எட்டாயிரம் மைல் என்பார்கள். அதாவது ஏறக்குறைய 12,800 கிலோ மீட்டர். பெங்களூரில் இருந்து சென்னைக்கு ரயில் பாதை சுமார் 360 கிலோ மீட்டர். அந்தப் பாதையை 35 தடவை நடந்து முடித்தாலும் இந்தக் கணக்கு தீராது. திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோ மீட்டர். தொள்ளாயிரம் கிரிவலத்துக்கு மேல் ஆகும்!

ஜோடிப் பயணத்தின் ரகசியம்

நீண்ட பயணம் போகிறவர்களுக்கு ஒன்று தெரியும். ஊரில் எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும், வழியில்தான் ஒருவருடைய குணம் மற்றவருக்குத் தெரியும். கணவன் மனைவியானாலும் சரி, நண்பர்களானாலும் சரி, நான்கு நாள் யாத்திரைக்குள் நாற்பது சண்டை வந்துவிடும். பசியும் களைப்பும் நாக்கைக் கூர்மையாக்கும். இவர்கள் ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நடந்தார்கள். ஒருவருக்குத் தாய்மொழி மலையாளம், மற்றவருக்கு ராஜஸ்தானி. ஆனாலும் கிளம்பிய இருவரும் போய்ச் சேரும்வரை இருவராகவே இருந்தார்கள். போட்ட எட்டாயிரம் மைலைவிட இது பெரிய சாதனை என்று தோன்றுகிறது.

இன்னொன்றையும் மறப்பதற்கில்லை. கிளம்பும்போது சதீஷ் குமார் மணமானவர். திரும்பி வருவாரா என்பதே நிச்சயமில்லாத பயணத்துக்கு அவரை அனுப்பிவிட்டு, ஊரில் இருந்தவர் அவர் மனைவி. நடந்தவர்களின் கதையைப் புத்தகங்கள் சொல்கின்றன. காத்திருந்தவரின் கதை அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுப் பிழைக்க வெளியூர் வந்தவர்கள் நிறைந்த பெங்களூரில், இந்த வலியை யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

என்ன பலன்?

ஜப்பானுக்கும் போய், ஹிரோஷிமாவைத் தரிசித்துவிட்டே இருவரும் நாடு திரும்பினார்கள். மேனன் பெங்களூருக்கே வந்து, இந்த ஊரையே தன் பணிக்களமாக்கிக்கொண்டார். பயண நினைவுகளைப் புத்தகமாகவும் எழுதினார். சதீஷ் குமார் 1973-ல் இங்கிலாந்தில் 'ரிசர்ஜன்ஸ்' பத்திரிகைக்கு ஆசிரியராகி, 2016 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். ஐம்பது வயது நிறைந்தபோது, மறுபடியும் காசில்லாமல் பிரிட்டனின் புனிதத் தலங்களுக்கு நடந்தார். பழைய கால் சும்மா இருக்குமா?

இத்தனை தூரம் நடந்து என்ன பலன் என்று கேட்பவர்கள் உண்டு. 1963 ஆகஸ்டில் அமெரிக்காவும் ரஷ்யாவும் பிரிட்டனும் வான்வெளியில் அணுச் சோதனை செய்வதில்லை என்று ஒப்பந்தம் செய்துகொண்டன. அது இவர்கள் நடந்ததால் வந்தது என்று சொல்ல முடியாது. பிரான்சு அதில் கையெழுத்தும் போடவில்லை. அன்று நான்காக இருந்த அணு ஆயுத நாடுகள் இன்று ஒன்பது. உலகில் இருக்கும் அணுகுண்டுகள் சுமார் 12 ஆயிரம். கணக்குப் பார்த்தால் தோல்விதான்.

ஆனால் வேறொரு கணக்கும் இருக்கிறது. மதம் வேறு, மொழி வேறு, சாப்பாடு வேறு என்று இருந்த எத்தனையோ நாடுகளில், முன்பின் தெரியாத இரண்டு பேருக்கு ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் கதவைத் திறந்திருக்கிறார். பகை நாடு என்று நாம் சொல்லும் நாட்டிலும் திறந்திருக்கிறார். இல்லாவிட்டால் காசில்லாத அந்த இருவர் வாஷிங்டன் போய்ச் சேர்ந்திருக்க முடியாது.

அடுத்த தடவை காப்பிக் கடையில் 'பை டூ' சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரிக்கும்போது, இந்த இருவரையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளலாம். அவர்களும் நம் ஊரில் அப்படி உட்கார்ந்திருந்தவர்கள்தான்.