கோழி வளர்க்க முதலில் வேண்டியது தண்ணீர்

2008 இல் பூநகரியை விட்டு வெளிக்கிட்ட அன்று, வீட்டில் நான் கடைசியாகச் செய்த வேலை கோழிக்கூட்டைத் திறந்துவிட்டதுதான். கூட்டிக்கொண்டு போக வழியில்லை. எங்கேயாவது மேய்ந்து பிழைக்கட்டும் என்று விட்டுவிட்டு வந்தோம். 2010 இல் மீளக்குடியேறியபோது கூடும் இல்லை, கோழியும் இல்லை. கிணறு மட்டும் இருந்தது. அதுவும் உவர்.

பெண் தலைமைத்துவக் குடும்பம் என்ற பட்டியலில் என் பெயர் இருந்ததால், வாழ்வாதார உதவியாக 20 கோழிகளும் வலையடித்த கூடொன்றும் ஒரு மூடை தீனும் கிடைத்தன. கையெழுத்து வாங்கினார்கள், படம் எடுத்தார்கள். தண்ணீருக்கு என்ன செய்வீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. முதல் கோடையிலேயே 11 கோழிகள் போய்விட்டன. அதிலிருந்து நான் படித்ததைப் புதிதாகக் கோழி வளர்க்கத் தொடங்குவோருக்காக எழுதுகிறேன்.

வளர்ந்த கோழியொன்று சாதாரண நாளில் கால் லீற்றர் வரை தண்ணீர் குடிக்கும். தின்னும் தீனின் நிறையைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு அது. கடும் வெயிலில் இதுவும் இரட்டிப்பாகும். கோழிக்கு வியர்ப்பதில்லை. வாயைத் திறந்து இளைத்துத்தான் உடற்சூட்டைத் தணிக்கும். அப்படி இளைக்கும்போது உடம்பிலுள்ள நீர் மூச்சோடு போய்விடும். ஆகவே 20 கோழிகளுக்குக் கோடையில் நாளொன்றுக்கு 10 லீற்றர் வேண்டும்.

கேட்க இது சின்னக் கணக்கு. ஆனால் எங்களுக்குக் குடிதண்ணீர் பவுசரில் வந்தது, அதுவும் கிழமைக்கு இரண்டு நாள். பிள்ளைகளுக்கென்று பிடித்துவைத்த தண்ணீரைக் கோழிக்கு ஊற்ற மனம் வரவில்லை. கிணற்று உவர்த் தண்ணீரையே வைத்தேன். எச்சம் தண்ணீராகப் போனது. முட்டைக் கோது கையில் எடுத்தாலே நொறுங்கியது. பிறகு முட்டையே நின்றுவிட்டது. நோய் என்று நினைத்து மருந்துக்கு அலைந்தேன். முட்டையின் உள்ளே நான்கில் மூன்று பங்கு தண்ணீர்தான். தண்ணீர் சரியில்லையென்றால் கோழி முதலில் நிறுத்துவது முட்டையைத்தான். திடீரென்று முட்டை குறைந்தால் மருந்தைத் தேடமுன் தண்ணீர்ச் சட்டியைப் பாருங்கள்.

அடுத்த பாடம் தடுப்பு மருந்தில் கிடைத்தது. ராணிக்கெட் என்னும் கழிச்சல் நோய் வந்தால் ஒரு கிழமைக்குள் வளவே வெறுமையாகிவிடும். அதற்கான மருந்தைத் தண்ணீரில் கலந்தும் கொடுப்பார்கள். அது உயிருள்ள மருந்து. பவுசர்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் மருந்து அதிலேயே செத்துவிடும். நான் அப்படித்தான் ஒருமுறை முழுவதையும் வீணாக்கினேன். ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி ஆடை நீக்கிய பால்மாவைக் கரைத்து, அரை மணித்தியாலம் வைத்த பிறகு மருந்தைக் கலந்தால் குளோரின் அதைக் கெடுக்காது. மருந்தை ஐஸ் போட்ட பெட்டியிலேயே கொண்டுவர வேண்டும். கலந்த தண்ணீரை இரண்டு மணித்தியாலத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். உங்கள் பகுதிக் கால்நடை வைத்தியரிடம் கேட்டால் அளவும் நாளும் சொல்லுவார்.

இருக்கும் தண்ணீரைச் சிந்தாமல் வைப்பதும் ஒரு வேலை. அகன்ற சட்டியில் வைத்தால் கோழி கிளறிக் கவிழ்த்துவிடும். கூட்டுக்குள் ஈரம் ஊறினால் குஞ்சுகளுக்கு இரத்தக் கழிச்சல் வரும். ஐந்து லீற்றர்ப் பிளாஸ்ரிக் கலனின் அடிப்பக்கத்தில், தட்டின் விளிம்பை விடச் சற்றுக் கீழே நிற்குமாறு ஒரு துளையிடுங்கள். நிரப்பி, மூடியை இறுக்கித் தட்டில் வையுங்கள். தட்டில் நீர் துளைக்குக் கீழே இறங்கினால்தான் காற்று உள்ளே போகும், அப்போதுதான் தண்ணீர் வெளியே வரும். கோழியின் முதுகு உயரத்துக்குக் கல்லின்மேல் நிழலில் வையுங்கள். வெயிலில் சூடேறிய தண்ணீரைக் கோழி குடிக்காது. மத்தியானத்தில் மண்பானைத் தண்ணீரை மாற்றி வைத்தால் நல்லது. இரவில் தட்டை வெளியே விடவேண்டாம். கோடையில் அந்தத் தண்ணீரைத் தேடிப் பாம்பும் வரும்.

அரிசி களைந்த தண்ணீரை நான் வீசுவதில்லை, அது கோழிக்குத்தான். உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர் மட்டும் கூடாது. மாரியில் தகரக் கூரைத் தண்ணீரைப் பரலில் பிடிப்பேன். ஒரு சதுர மீற்றர்க் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர். 30 சதுர மீற்றர்க் கூரையில் 10 மில்லிமீற்றர் மழைக்கு 300 லீற்றர் வரை சேரும். பரலை வலையால் இறுக மூடவேண்டும், இல்லாவிட்டால் டெங்கு நுளம்பு பெருகும்.

எல்லாவற்றையும் விட முக்கியம், தண்ணீருக்கு ஏற்ற அளவில் கோழி வைத்திருப்பது. அடை வைப்பதைத் தை, மாசியோடு முடித்துவிடுவேன். வைகாசிக்கு முன் சேவல்களையும் வயதான பேடுகளையும் விற்றுவிடுவேன். கோடைக்கு 12 ஊர்க்கோழிகள்தான். பகலில் மேய்ந்து கறையானும் புல்லும் தின்னும், பின்னேரம் நெல்லுத் தவிடு போடுவேன். 20 கோழி வைத்திருந்த காலத்தை விட இப்போது கிடைக்கும் முட்டை கூட. ஊர் முட்டைக்கு விலையும் கூட. மகளின் பஸ் காசும் கொப்பிக் காசும் அதிலிருந்துதான் வருகின்றன.

உதவி தர வருகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. இருபது கோழி தருவதென்றால் பத்தைத் தாருங்கள். மிச்சக் காசுக்கு ஒரு தண்ணீர்த் தாங்கியும் கூரைப் பீலியும் பூட்டித் தாருங்கள். பட்டியலில் பெயர் இருக்கும் பெண்களே, உங்களுக்கும் ஒன்று: கையெழுத்து வைக்க முன் நீங்களே கேளுங்கள், தண்ணீருக்கு என்ன வழி என்று. நான் அன்று கேட்டிருந்தால் அந்த 11 கோழிகளும் செத்திருக்காது.