ஐஸ் கரைகிறதா, உருகுகிறதா?

கல்முனைச் சந்தை மீன் வியாபாரி "ஐஸ் கரைஞ்சி போச்சு" என்பார். விஞ்ஞானப் பாடநூலோ "பனிக்கட்டி உருகியது" என்கிறது. நேயர்களே, இங்கே பாடநூலின் சொல்லே பொருத்தமானது. சீனி தேநீரில் கரைகிறது. கரைய நீர் வேண்டும். பனிக்கட்டி உருகுகிறது, உருக வேண்டியது வெப்பம் மட்டுமே. மீனின் விலையே இந்த வேறுபாட்டில்தான் தங்கியிருக்கிறது.

சாய்ந்தமருதிலோ மருதமுனையிலோ கரைக்கு வரும் மீனின் சூடு, கடல்நீரின் சூடுதான். 30 பாகை செல்சியசுக்குச் சற்றுக் குறைவு. அந்தச் சூட்டைப் பனிக்கட்டி வாங்குகிறது. ஆனால் 0 பாகையிலுள்ள பனிக்கட்டி முழுவதும் நீராகும்வரை அதன் வெப்பநிலை ஏறுவதில்லை. ஒரு கிராம் உருக 80 கலோரி வெப்பத்தை விழுங்குகிறது. அத்தனையும் எங்கே போகிறது? திண்மத்தில் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றி, நின்ற இடத்திலேயே அதிர்கின்றன. அந்தப் பிடியைத் தளர்த்தவே அவ்வெப்பம் செலவாகிறது. உருகிய நீரோ ஒரு கலோரிக்கே ஒரு பாகை சூடேறிவிடும். ஆகவே குளிர்நீர் ஐஸுக்கு ஈடாகாது.

வெப்பமானியில் தென்படாத இவ்வெப்பத்தை 18ஆம் நூற்றாண்டில் விளக்கியவர் ஸ்கொத்லாந்து அறிஞர் ஜோசப் பிளாக். நம் நாட்டில் இதனை மறைவெப்பம் என்போம். தமிழகத்தார் உள்ளுறை வெப்பம் என்பர். சங்கச் செய்யுளின் உள்ளுறை உவமத்தை நினைவூட்டுவதால், தமிழகத்துச் சொல்லே எனக்கு உவப்பு.

கணக்குப்படி ஒரு கிலோ மீனை 0 பாகைக்கு இறக்க ஏறக்குறைய 300 கிராம் ஐஸ் போதும். ஆனால் றெஜிபோம் பெட்டியின் சுவரூடாகவும் வெளிச்சூடு புகுந்துகொண்டே இருக்கும். எனவே கொழும்புக்குப் போகும் மீனுக்கு, மீனின் எடையளவு ஐஸ் இடுவதே பாதுகாப்பு. அதையும் நொறுக்கி, மீனைத் தொடும்படி பரப்ப வேண்டும். முழுக்கட்டியை மேலே வைத்தால் அடிமீன் கெட்டுவிடும்.

கச்சான் வீசும் மாதங்களில் ஐஸ் விரைவாக உருகுகிறது. வீட்டு மண்பானைத் தண்ணீரோ அப்போதுதான் நன்றாகக் குளிர்கிறது! பானையின் நுண்துளைகளில் கசியும் நீரை வறண்ட காற்று ஆவியாக்குகிறது. திரவம் வாயுவாவதற்கு வேண்டிய வெப்பம் உள்ளிருக்கும் நீரிலிருந்தே எடுக்கப்படுகிறது.

நீரே கசியாத ஐஸும் உண்டு. உறைந்த காபனீரொட்சைட்டாகிய உலர்பனி, ஏறத்தாழ -78 பாகையில் திரவமாகாமலே வாயுவாகிறது. இதனைப் பதங்கமாதல் என்பர். பாடநூலார் புதிதாய்ப் படைத்த சொல்லன்று இது. சாம்பிராணியைச் சூடாக்கி, மேற்சட்டியில் படிவதைத் திரட்டிய சித்த வைத்தியர், அம்மருந்தைச் சாம்பிராணிப் பதங்கம் என்றே அழைத்தனர்.