மெஸ்சி கடந்து சென்ற பிறகு...

காற்பந்து பார்ப்பவர்களுக்கு அந்தக் காட்சி நிச்சயம் நினைவிருக்கும். 2022 டிசம்பர், கட்டார் உலகக் கிண்ண அரையிறுதி. நம் நேரப்படி விடியற்காலை நான்கு மணி தாண்டிவிட்டது. அர்ஜெண்டினா 2-0 என முன்னணியில் இருந்தது. 69ஆவது நிமிடத்தில் வலது பக்கக் கோட்டோரம் பந்தைப் பெற்ற லியோனல் மெஸ்சி ஓடத் தொடங்கினார். மூக்கைப் பாதுகாக்கும் கறுப்புக் கவசம் அணிந்த ஓர் இளம் தற்காப்பு ஆட்டக்காரர் அவரை விடாமல் ஒட்டிக்கொண்டே ஓடினார். மெஸ்சி நின்றார், திரும்பினார், மறுபடி ஓடினார், மறுபடி திரும்பினார். கடைசியில் கோல் கோட்டருகே ஒரு சின்ன உடலசைவு. அந்த இளைஞர் பின்தங்கிவிட்டார். மெஸ்சி தள்ளிவிட்ட பந்தை ஜூலியன் அல்வாரெஸ் வலைக்குள் அனுப்பினார். 3-0.

அந்த இளைஞரின் பெயர் யோஷ்கோ குவார்டியோல். குரோஷியாக்காரர். அப்போது அவருக்கு வயது 20.

விடிந்ததும் அந்தச் சில வினாடிக் காணொளி எல்லாருடைய கைப்பேசியிலும் ஓடியது. எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் மட்டும் நான்கு பேர் அனுப்பியிருந்தார்கள். கூடவே சிரிக்கும் முகங்கள். என்னால் சிரிக்க முடியவில்லை.

அதற்கு ஒரு சொந்தக் காரணம் இருந்தது. அப்போது நான் படிவம் ஐந்து மாணவி. மூன்று வாரங்களுக்கு முன்புதான் இடைநிலைப்பள்ளிகளுக்கான ஒரு தமிழ் விவாதப் போட்டியில் எங்கள் பள்ளிக்காகப் பேசினேன். நான் மூன்றாவது பேச்சாளர். எதிரணியின் வாதத்துக்குப் பதில் சொல்ல எழுந்தவள், இரண்டாவது கருத்திலேயே நின்றுவிட்டேன். ஒரு சொல்லும் வரவில்லை. கையிலிருந்த குறிப்பு அட்டை நடுங்கியது. அரை நிமிடம் அப்படியே நின்றுவிட்டு, நன்றிகூடச் சொல்லாமல் உட்கார்ந்தேன். யாரோ எடுத்த காணொளி அன்று மாலைக்குள் பள்ளி முழுவதும் சுற்றிவிட்டது. அதோடு இனிமேல் மேடையே ஏறுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

அப்பா அதிகாலையில் வேலைக்குக் கிளம்புகிறவர். அந்த ஆட்டத்தை என்னோடு உட்கார்ந்து பார்த்தார். மூன்றாவது கோல் விழுந்ததும் நான், "பாவம்ப்பா, இவரு கதை முடிஞ்சுது" என்றேன்.

அப்பா திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "அவன் கிட்டப் போய் நின்னான், அதனாலதான் மெஸ்சி அவனத் தாண்டிப் போனான். தள்ளி நின்னவன் பேரு யாருக்காச்சும் தெரியுமா? பையனுக்கு இருபது வயசுதான் ஆகுது. விடும்மா, பாப்போம்."

அன்றிலிருந்து நானும் 'பார்த்துக்கொண்டே' இருக்கிறேன். இந்தக் கட்டுரை அப்படிப் பார்த்த கதைதான்.

மீன் வியாபாரியின் மகன்

குவார்டியோல் 2002 ஜனவரி 23ஆம் தேதி குரோஷியத் தலைநகர் ஸாக்ரெப்பில் பிறந்தவர். அவருடைய தந்தை அந்நகரின் புகழ்பெற்ற டோலாட்ஸ் சந்தையில் மீன் வியாபாரம் செய்தவர். குரோஷியா பெரிய நாடன்று. அதன் மக்கள்தொகை 40 லட்சத்துக்கும் குறைவு. நம் சிலாங்கூர் மாநிலத்தில் மட்டுமே அதைவிட அதிகமானோர் வாழ்கிறோம். ஆனால், அந்தச் சிறிய நாடு 1998 உலகக் கிண்ணத்தில் மூன்றாம் இடத்தையும், 2018இல் இரண்டாம் இடத்தையும் பிடித்தது. அந்த வெற்றிகளுக்குப் பின்னால் நல்ல இளையோர் பயிற்சிக்கூடங்கள் இருக்கின்றன. அவற்றில் முதன்மையானது டினாமோ ஸாக்ரெப் கிளப்புடையது. லூக்கா மோட்ரிச் அங்கிருந்து வந்தவர்தான்.

ட்ரெஷ்னியெவ்கா என்ற உள்ளூர் கிளப்பில் விளையாடத் தொடங்கிய குவார்டியோல், சிறுவனாக இருக்கும்போதே டினாமோவில் சேர்ந்தார். ஆனால், அங்கே எல்லாம் நேராகப் போகவில்லை. பதின்ம வயதில் ஒரு கட்டத்தில் இளையோர் குழுவில் அவருக்கு ஆட வாய்ப்பே சரியாகக் கிடைக்கவில்லை. காற்பந்தை விட்டுவிட்டு நண்பர்களோடு கூடைப்பந்து ஆடப் போய்விடலாமா என்றுகூட யோசித்ததாக அவரே பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

அவர் போகவில்லை. 2019 அக்டோபரில், 17 வயதில், டினாமோவின் முதன்மைக் குழுவில் களமிறங்கினார். 2020 செப்டம்பரில் ஜெர்மனியின் லெய்ப்சிக் கிளப் அவரை ஒப்பந்தம் செய்தது. ஆனாலும், அந்த ஒரு பருவம் அவர் டினாமோவிலேயே கடனாளராக இருந்து ஆடினார். 2021 மார்ச்சில் ஐரோப்பா லீக் போட்டியில் முதல் ஆட்டத்தில் 2-0 எனத் தோற்றிருந்த டினாமோ, இரண்டாவது ஆட்டத்தில் டோட்டன்ஹாமை 3-0 என வீழ்த்திக் காலிறுதிக்குச் சென்றது. அந்த இரவு இடது தற்காப்பில் நின்றவர் குவார்டியோல். அதே ஆண்டு ஜூன் 13ஆம் தேதி, ஐரோப்பியக் கிண்ணத்தில் இங்கிலாந்தை எதிர்த்து ஆடியபோது, பெரிய போட்டியொன்றில் குரோஷியாவுக்காக ஆடிய மிக இளைய ஆட்டக்காரர் ஆனார்.

உடைந்த மூக்கு, ஐந்து ஆட்டங்கள், ஓர் இரவு

2022 உலகக் கிண்ணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, லெய்ப்சிக் ஆட்டமொன்றில் சொந்தக் குழுவின் வில்லி ஓர்பானோடு மோதி அவருடைய மூக்கு உடைந்தது. அதற்காகத்தான் அந்தக் கறுப்புக் கவசம். அதைப் போட்டுக்கொண்டே எல்லா ஆட்டங்களையும் ஆடினார்.

பெல்ஜியத்துக்கு எதிரான ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் ரொமேலு லுக்காக்குவின் முயற்சியைத் தடுத்ததற்கு, கோல் அடித்தவரைப் போல அவர் கொண்டாடினார். அந்த ஆட்டம் 0-0 எனச் சமநிலையில் முடிந்தது. குரோஷியா அடுத்த சுற்றுக்குச் சென்றது, பெல்ஜியம் வீடு திரும்பியது. பிறகு ஜப்பானையும் பிரேசிலையும் பினால்டி மூலம் வென்றார்கள். அரையிறுதிக்கு முன் ஆடிய ஐந்து ஆட்டங்களில் குரோஷியா விட்டுக்கொடுத்தவை வெறும் மூன்று கோல்கள்தான். அர்ஜெண்டினாவுக்கு எதிரான அந்த ஓர் இரவில் மட்டும் மூன்று.

தற்காப்பு ஆட்டக்காரரின் பிழைப்பே இப்படித்தான். தாக்குதல் ஆட்டக்காரர் நான்கு வாய்ப்பைத் தவறவிட்டு ஐந்தாவதில் கோல் அடித்தால் அவர் நாயகன். தற்காப்பில் இருப்பவர் 89 நிமிடம் சரியாக ஆடி ஒரு நிமிடம் தவறினால், அந்த ஒரு நிமிடம்தான் காணொளியாகச் சுற்றும். ஐந்து ஆட்டங்களில் அவர் தடுத்த பந்துகளை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் யாருமே அனுப்பியதில்லை.

தோற்ற பிறகு குவார்டியோல் சாக்குச் சொல்லவில்லை. மெஸ்சியை எதிர்த்து ஆடியதை ஒருநாள் தம் பிள்ளைகளிடம் சொல்வேன் என்ற பொருளில் பேசினார். நான்கே நாள்களில் மூன்றாம் இடத்துக்கான ஆட்டம் வந்தது. எதிரணி மொரோக்கோ. ஏழாவது நிமிடத்தில் இவான் பெரிசிச் தலையால் தட்டிவிட்ட பந்தைப் பாய்ந்து தலையால் முட்டி முதல் கோலை அடித்தவர், அதே முகக்கவசக்காரர்! குரோஷியா 2-1 என வென்றது.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

ஏழு கோல்களும் ஓர் ஒப்பந்தமும்

கதை அங்கே முடிந்திருந்தால் அழகாக இருந்திருக்கும். ஆனால், அடுத்த அடி மூன்றே மாதங்களில் விழுந்தது.

2023 பிப்ரவரியில் சாம்பியன்ஸ் லீக்கில் லெய்ப்சிக் குழு மென்செஸ்டர் சிட்டியைச் சந்தித்தது. முதல் ஆட்டத்தில் குவார்டியோல் தலையால் முட்டி அடித்த கோலால் 1-1 எனச் சமநிலை. மார்ச் 14ஆம் தேதி மென்செஸ்டரில் இரண்டாவது ஆட்டம். அதில் லெய்ப்சிக் 7-0 எனத் தோற்றது. எர்லிங் ஹாலண்ட் மட்டுமே ஐந்து கோல்களை அடித்தார். அந்த ஐந்தையும் அருகிலிருந்து பார்க்க வேண்டிய நிலையில் இருந்தவர்களுள் குவார்டியோலும் ஒருவர்.

அதே ஆண்டு ஆகஸ்டில் அவரை வாங்கியது யார் தெரியுமா? ஏழு கோல் அடித்த அதே மென்செஸ்டர் சிட்டி! விலை ஏறத்தாழ 77 மில்லியன் பவுன். ஹேரி மெகுவாயருக்கு அடுத்து, அதுவரை உலகின் இரண்டாவது விலையுயர்ந்த தற்காப்பு ஆட்டக்காரர் அவர்தான்.

இதை முதலில் படித்தபோது எனக்குப் புரியவில்லை. பிறகு யோசித்துப் பார்த்தேன். ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஒரு காணொளியை மட்டும் பார்த்து முடிவெடுப்பதில்லை. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் பார்க்கிறார்கள். ஒரு தவறுக்குப் பின் அவர் எங்கே நிற்கிறார், அடுத்த பந்தைக் கேட்டு வாங்குகிறாரா, ஒளிந்துகொள்கிறாரா என்றெல்லாம் கவனிக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் சிரித்த நாங்கள் பார்த்ததோ சில வினாடிகள்.

இடம் மாறினாலும் ஆட்டம்

அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய நடுத் தற்காப்பாளரைப் பயிற்றுநர் பெப் குவார்டியோலா பெரும்பாலும் இடது பக்கத்தில்தான் ஆட வைத்தார். இரண்டும் தற்காப்புதானே என்று தோன்றலாம். நடுவில் நிற்பவர் கோலுக்கு முன்னுள்ள பகுதியைக் காக்க வேண்டும். பக்கவாட்டில் நிற்பவர் வேகமான எதிரணி ஆட்டக்காரரைத் தனியாகச் சமாளிப்பதோடு, பந்து தம் குழுவிடம் இருக்கும்போது முன்னேறித் தாக்குதலுக்கும் உதவ வேண்டும். தொடக்க மாதங்களில் அவர் அந்த இடத்தில் தடுமாறத்தான் செய்தார். விமர்சனங்களும் வந்தன.

2024 ஏப்ரல் 10, விடியற்காலை. அன்று நோன்புப் பெருநாள், பொது விடுமுறை. ஸ்பெயினில் ரியல் மெட்ரிட்டுடன் சாம்பியன்ஸ் லீக் காலிறுதி. 71ஆவது நிமிடத்தில், இடது காலால் ஆடிப் பழகிய குவார்டியோல், பெனால்டி எல்லைக்கு வெளியிலிருந்து வலது காலால் ஓங்கி அடித்தார். பந்து மேல் மூலையில் போய் விழுந்தது. சிட்டிக்காக அவர் அடித்த முதல் கோல் அதுதான். ஆட்டம் 3-3 என முடிந்தது. அடுத்த ஐந்து வாரங்களுக்குள் லூட்டன், நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட், புல்ஹாம் ஆகிய குழுக்களுக்கு எதிராக மேலும் நான்கு கோல்கள். அந்தப் பருவத்தில் சிட்டி தொடர்ந்து நான்காவது முறையாகப் பிரிமியர் லீக்கை வென்றது. இங்கிலாந்தில் அதற்கு முன் எந்தக் குழுவும் செய்யாத சாதனை அது.

அதன் பிறகு அவர் தவறே செய்யவில்லையா? செய்தார். 2024 நவம்பர் 26ஆம் தேதி, பெய்னூர்ட் குழுவுக்கு எதிராக 3-0 என முன்னணியில் இருந்த சிட்டி, கடைசிப் பதினைந்து நிமிடங்களில் மூன்று கோல்களை விட்டுக்கொடுத்தது. அதில் முதல் கோல், குவார்டியோல் பின்னோக்கி மெதுவாகத் தட்டிய பந்தால் வந்தது. வயது 22, விலை 77 மில்லியன், கையில் லீக் கிண்ணம். இருந்தும் தவறு நடக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த ஆட்டம் அதற்கு இரண்டு மாதம் கழித்து நடந்தது. 2025 ஜனவரி 25, எதிரணி செல்சி. உஸ்பெகிஸ்தானைச் சேர்ந்த 20 வயது அப்துகோதிர் ஹுசானோவ் சிட்டிக்காக முதன்முறையாகத் தற்காப்பில் இறங்கினார். மூன்றாவது நிமிடத்திலேயே கோல் காவலருக்கு அவர் தலையால் தட்டிவிட்ட பந்து போதிய வேகமில்லாமல் போக, செல்சி கோல் அடித்துவிட்டது. இருபது வயது, முதல் ஆட்டம், உலகமே பார்க்கிறது. 42ஆவது நிமிடத்தில் அந்தக் கோலைச் சமன் செய்தவர் யார்? குவார்டியோல். சிட்டி 3-1 என வென்றது.

அப்போது அவர் மனத்தில் என்ன ஓடியதோ எனக்குத் தெரியாது. ஆனால், அன்று திடலில் இருந்தவர்களில் ஹுசானோவின் நிலைமையை அவரைவிட நன்றாக உணர்ந்தவர் அதிகம் பேர் இருந்திருக்க முடியாது.

மறுபடி மேடை

நான் இப்போது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். முதலாம் ஆண்டில் குழுப் படைப்புகள் வந்தபோதெல்லாம், "நான் ஸ்லைடு செய்கிறேன், நீங்கள் பேசுங்கள்" என்று சொல்லித் தப்பித்தேன். அப்பா சொன்ன 'தள்ளி நின்னவன்' நான்தான். தள்ளி நின்றால் யாரும் நம்மைத் தாண்டிப் போகப் போவதில்லை. காணொளியும் எடுக்க மாட்டார்கள். ஆனால், நாம் ஆட்டத்திலும் இல்லை.

இந்த ஆண்டு தமிழ் விவாதக் குழுவுக்கு ஆள் சேர்த்தபோது பெயர் கொடுத்தேன். தேர்வானேன். மறுபடி மூன்றாவது பேச்சாளர். முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டோம். நடுவில் ஓரிடத்தில் சொல் நின்றது. குறிப்பு அட்டையும் நடுங்கியது. மூச்சை இழுத்துவிட்டு, அந்தக் கருத்தை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனேன். கொடுத்த ஏழு நிமிடமும் பேசி முடித்து, நன்றி சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

அன்றிரவு அப்பாவுக்கு அழைத்துத் தோற்றதைச் சொன்னேன்.

"முழுசாப் பேசினியா?"

"பேசினேன்ப்பா."

"அப்புறம் என்ன? அடுத்த போட்டி எப்போ?"

அடுத்த மாதம் இருக்கிறது, நண்பர்களே. தயாராகிக்கொண்டிருக்கிறேன்.