ஒட்டும் புரதம், வெட்டும் புரதம்

நுழையும்முன்

தீநுண்மி தானாக உண்பதில்லை. தானாகப் பெருகுவதும் இல்லை. பிறிதோர் உயிரணுவினுள் புகுந்தால்தான் அது பெருக முடியும். அவ்வாறு புகவும் வெளியேறவும் அதன் மேற்பரப்புப் புரதங்களே துணைசெய்கின்றன. இதனை இன்புளூயன்சா தீநுண்மியின் வழியே அறிவோம்.

இரு புரதங்கள்

இன்புளூயன்சா தீநுண்மி ஏறத்தாழ 100 நானோமீட்டர் பருமன் உடையது. அதாவது, ஒரு மில்லிமீட்டரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அதன் கொழுப்புறையின்மீது இருவகைப் புரதங்கள் முட்களைப்போல நீட்டிக்கொண்டுள்ளன. ஒன்று ஹீமக்ளூட்டினின், மற்றொன்று நியூராமினிடேஸ். செயலை நோக்கி, முன்னதை ஒட்டும் புரதம் எனவும் பின்னதை வெட்டும் புரதம் எனவும் கூறலாம். எச்1என்1 என்னும் பெயரிலுள்ள எழுத்துகள் இவ்விரண்டையுமே குறிக்கின்றன.

நுழைதலும் வெளியேறலும்

நம் மூச்சுப்பாதை உயிரணுக்களின் மேலுள்ள சர்க்கரைச் சங்கிலிகளின் நுனியில் சியாலிக் அமிலம் உள்ளது. ஒட்டும் புரதம் அதனைப் பற்றுகிறது. ஒரு பிடி வலுவற்றது; பல பிடிகள் சேரும்போது தீநுண்மி உறுதியாக ஒட்டிக்கொள்கிறது. உயிரணு அதனை ஒரு நுண்பைக்குள் உள்வாங்குகிறது. பையினுள் அமிலத்தன்மை மிகும்போது ஒட்டும் புரதம் வடிவம் மாறி, தீநுண்மியின் உறையைப் பையின் சுவரோடு இணைத்துவிடுகிறது. அவ்வழியே எட்டு ஆர்.என்.ஏ. துண்டுகளும் உயிரணுவை அடைகின்றன.

புதிதாகத் தோன்றும் தீநுண்மிகளும் அதே சியாலிக் அமிலத்தில் சிக்கிக்கொள்ளும். வெட்டும் புரதம் அவ்வமிலத்தைத் துண்டித்து அவற்றை விடுவிக்கிறது. ஓசல்டமிவிர் என்னும் மருந்து இப்புரதத்தையே செயலிழக்கச் செய்கிறது.

பறவையும் மனிதனும்

பறவைகளிலும் மனிதரின் மேல் மூச்சுப்பாதையிலும் சியாலிக் அமிலம் சர்க்கரையோடு பிணைந்துள்ள முறை வேறுபடுகிறது. பறவைக் காய்ச்சல் மனிதரிடையே எளிதில் பரவாமைக்கு இவ்வேறுபாடு முதன்மையான காரணங்களுள் ஒன்று. ஒட்டும் புரதத்தில் ஏற்படும் சில மாற்றங்கள் இத்தடையைத் தளர்த்தக்கூடும். ஆகவேதான் அறிவியலாளர்கள் அதனை இடையறாது கண்காணிக்கின்றனர்.

வலிமையே அடையாளம்

வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் இப்புரதங்களை நம் நோய் எதிர்ப்பாற்றல் எளிதில் இனங்காண்கிறது. தடுப்பூசி ஒட்டும் புரதத்தை உடலுக்கு முன்னரே அறிமுகம் செய்கிறது. உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள்கள் அதனை மறித்து, ஒட்டவிடாமல் தடுக்கின்றன. எனினும், அப்புரதம் தன் தோற்றத்தைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டே இருக்கிறது. எனவே, உலகச் சுகாதார நிறுவனம் தடுப்பூசியின் உள்ளடக்கத்தை ஆண்டுக்கு இருமுறை ஆராய்ந்து பரிந்துரைக்கிறது. தீநுண்மி நுழைவதற்குக் கருவியான புரதமே அதனைத் தடுப்பதற்கும் வழிகாட்டுகிறது.

கற்பவை கற்றபின்

வெட்டும் புரதம் செயலிழந்தால் தீநுண்மியின் பரவல் எந்நிலையில் தடைப்படும்? காரணத்துடன் வகுப்பில் கலந்துரையாடுக.