இரண்டாவது திறப்பு எங்கே?

ஜேர்மனியில் வாழும் எம்மவரிற் பெரும்பாலானோர் முதன்முதலில் வாங்கும் கார் பாவித்த காராகவே இருக்கின்றது. வங்கிக் கடன் எடுக்கும் வசதி வருவதற்கு முன்பே, அதிகாலை நான்கு மணிக்குப் பேருந்து ஓடாத ஊரில் வேலை வந்துவிடுகின்றது. சீட்டுப் பணமும் உறவினரிடம் கைமாற்றாகப் பெற்றதும் சேர்ந்து மூவாயிரம் யூரோ ஆனவுடன் கார் தேடிப் புறப்படுகின்றோம். தேடும்போது எதையெல்லாம் பார்க்கின்றோம்? ரயரைக் காலால் உதைத்துப் பார்க்கின்றோம். முன்மூடியைத் திறந்து, எல்லாம் விளங்கியவரைப் போலத் தலையை ஆட்டுகின்றோம். எத்தனை கிலோமீற்றர் ஓடியது, தொழில்நுட்பப் பரிசோதனை எந்த மாதம் வரை செல்லும் என்று விசாரிக்கின்றோம். திறப்பை மட்டும் எவரும் பார்ப்பதில்லை. விற்பவர் கையில் வைப்பதை வாங்கிச் சட்டைப் பையில் இட்டுக்கொண்டு வந்துவிடுகின்றோம்.

நாமும் அப்படித்தான் வந்தோம்.

2011ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், ஒன்பது வயதான சிறிய கார் ஒன்றைத் தனிப்பட்ட ஒருவரிடம் 2,800 யூரோவுக்கு வாங்கினோம். மைத்துனர் உடன் வந்திருந்தார். இரண்டு திறப்புகள் உண்டா என்று அவர் கேட்கத்தான் கேட்டார். விற்றவர் சிரித்துக்கொண்டே, ஒரே வளையத்தில் தொங்கிய இரண்டு திறப்புகளை ஆட்டிக் காட்டினார். முதலாவதால் இயந்திரத்தை இயக்கினார். நிறுத்திவிட்டு இரண்டாவதாலும் இயக்கினார். இரண்டு தடவையும் இயந்திரம் இயங்கியது. இதற்கு மேல் என்ன வேண்டும்? பணத்தை எண்ணிக் கொடுத்தோம்.

அடுத்த தை மாதத்தில் ஓரிரவு, முதலாவது திறப்பு வேலைத்தலத்தில் தொலைந்துபோனது. வீட்டிலிருந்து இரண்டாவதைக் கொண்டுவரச் செய்தோம். கதவு திறந்தது. இயந்திரமோ ஒரு வினாடி உறுமிவிட்டு அணைந்தது. மறுபடி முறுக்கினோம், மறுபடியும் ஒரு வினாடிதான். கூட வேலை செய்தவர்களில் ஒருவர் பற்றரி என்றார். இன்னொருவர் பெற்றோல் உறைந்துவிட்டது என்றார். இழுவை வண்டியில் ஏற்றிக் கராஜுக்குக் கொண்டுபோன பின்னரே உண்மை வெளிப்பட்டது. எம்மிடம் இருந்தது வெறுங்கூடு. அதனுள் இருக்கவேண்டிய சிப் இல்லை. இழுவைக் கூலி, புதிய திறப்பின் விலை, அதைக் காருக்கு அறிமுகப்படுத்தும் கூலி என 400 யூரோவுக்கு மேல் செலவாகியது. நான்கு நாட்கள் வேலைக்குப் போக முடியவில்லை. தகுதிகாண் காலத்தில் நான்கு நாட்கள் என்றால் என்ன என்பதை வாசகர்களுக்கு நாம் விளக்கவேண்டியதில்லை.

அப்படியாயின், விற்றவர் முறுக்கியபோது அதே திறப்பால் கார் எவ்வாறு இயங்கியது? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்திருந்தால் அன்று நாம் ஏமாந்திருக்கமாட்டோம். ஆதலால் அதைச் சற்று விரிவாகவே சொல்கின்றோம்.

1998 முதல், ஐரோப்பாவில் விற்கப்படும் புதிய கார்களுக்கு இலத்திரனியல் இயக்கத்தடை கட்டாயமாக்கப்பட்டது. திறப்பின் கறுப்புத் தலைக்குள் மிகச் சிறிய சிப் ஒன்று பதிக்கப்பட்டிருக்கும். அதற்குப் பற்றரி தேவையில்லை. திறப்பு நுழையும் துவாரத்தைச் சுற்றிக் கம்பிச்சுருள் ஒன்று உண்டு. திறப்பை முறுக்கியதும் அச்சுருளின் மின்காந்தப் புலத்திலிருந்தே சிப் தனக்கு வேண்டிய சக்தியைப் பெற்றுத் தன் அடையாளத்தைச் சொல்லும். கார் அதைத் தன் நினைவிலுள்ள பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்து, சரியென்றால் இயந்திரத்தை ஓடவிடும், இல்லையேல் அணைத்துவிடும். ஆனால் அச்சுருளுக்கு எந்த இரும்பு முறுக்குகின்றது என்பது தெரியாது. சில சென்ரிமீற்றர் தூரத்தில் சரியான சிப் ஒன்று இருந்தால் அதற்குப் போதும். ஒரே வளையத்தில் நல்ல திறப்பு அருகே தொங்கிக்கொண்டிருந்தபடியால், வெறுங்கூடும் அன்று நல்ல திறப்பாகிவிட்டது. விற்றவர் இதை அறிந்து செய்தாரா, அறியாமற் செய்தாரா என்பது இன்றுவரை எமக்குத் தெரியாது. வளையத்தைக் கழற்றச் சொல்லாதது எமது தவறு.

தூரத்திலிருந்து கதவைத் திறக்கும் பொத்தான் வேறு சங்கதி. நாணயம் போன்ற 3 வோல்ற் பற்றரி அதற்கே உரியது. ஆக, ஒரு திறப்புக்குள் இரும்பு, பொத்தான், சிப் என மூன்று வேலையாட்கள் இருக்கின்றார்கள். ஒருவர் வேலை செய்வதால் மற்றவர்களும் செய்வார்கள் என்று நம்பிவிடக் கூடாது. பொத்தான் வேலை செய்யாதபோது “பற்றரிதான் முடிந்துவிட்டது” என்று விற்பவர் சொல்வது வழக்கம். உண்மையாகவும் இருக்கலாம். சில யூரோவுக்குப் புதிய பற்றரியை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு போனால் அங்கேயே போட்டுப் பார்த்துவிடலாம். பலவற்றிற்குப் பொருந்துவது 2032 என்ற இலக்கமுடையது. ஆனால் இயந்திரம் இயங்காததற்குத் திறப்பின் பற்றரியைக் காரணமாகச் சொன்னால் ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

துவாரமே இல்லாமல், பொத்தானை அழுத்தி இயக்கும் புதிய கார்களில் இந்த மயக்கம் இன்னும் எளிது. நல்ல திறப்பு விற்பவரின் காற்சட்டைப் பையில் இருந்தாலே போதும். உங்கள் கையிலிருப்பது வேலை செய்வதாகத் தோன்றும். ஆகவே ஒரு திறப்பை உடன் வந்தவரிடம் கொடுத்து, அவரை முப்பது நாற்பது மீற்றர் தள்ளிப் போய் நிற்கச் சொல்லுங்கள். மற்றதால் பூட்டித் திறந்து, இயந்திரத்தை இயக்கி, ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். பின்பு திறப்புகளை மாற்றி அதையே செய்யுங்கள். இவ்வகைத் திறப்புகளின் உள்ளே சிறிய இரும்புத் திறப்பு ஒன்று ஒளிந்திருக்கும். அதை உருவி எடுத்து ஓட்டுநர் கதவில் நுழைத்துப் பாருங்கள். பல இடங்களில் அந்த இரும்பு தொலைந்துபோய்க் கூடு மட்டுமே மிஞ்சியிருக்கும்.

வேலை செய்யாத திறப்பு வெறும் பணச் செலவை மட்டும் குறிப்பதில்லை. அந்தக் கார் எங்கிருந்து வந்தது என்பதையும் அது சில வேளைகளில் சொல்லும். ஜேர்மனிய உச்ச நீதிமன்றம் 2020 செப்ரெம்பர் 18ஆம் திகதி தீர்ப்பளித்த வழக்கொன்று இதற்குச் சான்று. கார் விற்பனை நிலையமொன்று, வாங்க வந்ததாகச் சொன்ன ஒருவரிடம் 52,900 யூரோ பெறுமதியான வாகனத்தை ஒரு மணி நேரம் தனியே ஓட்டிப் பார்க்கக் கொடுத்தது. அவர் காட்டிய அடையாள ஆவணங்கள் போலி, வாகனம் திரும்பவில்லை. சிறிது காலத்தின் பின் அது இணைய விளம்பரத்தின் வழியே 46,500 யூரோவுக்கு விற்கப்பட்டது. வாங்கியவரிடம் கொடுக்கப்பட்டவை வாகனப் பத்திரங்கள், பொருந்தும் திறப்பு ஒன்று, பொருந்தாத திறப்பு ஒன்று. பத்திரங்களும் போலியே. பதிவு அலுவலகத்துக்குப் போனபோதுதான் அது களவுபோனதாக அறிவிக்கப்பட்ட வாகனம் என்பது தெரியவந்தது. விற்பனை நிலையம் தானாகவே கையளித்த வாகனத்தைக் களவுபோன பொருளாகக் கொள்ள முடியாது என்று கூறி, நீதிமன்றம் வாங்கியவரின் பக்கம் நின்றது. ஆனால் உரிமையாளரின் வீட்டு வாசலிலிருந்து களவெடுக்கப்பட்ட காராக இருந்திருந்தால், நல்லெண்ணத்தோடு வாங்கியவருக்கும் இந்நாட்டுச் சட்டப்படி அது சொந்தமாகாது. காரும் போகும், காசும் போகும். மூன்று நீதிமன்றப் படிகளை ஏறி இறங்க எம்மில் எத்தனை பேருக்கு இயலும்?

“பிரீவ்” என்று எம்மவர் இன்றும் அழைக்கும் வாகனப் பத்திரத்தின் பெயர் 2005இல் மாறிவிட்டது. அதைக் கேட்டு வாங்கவேண்டும் என்ற வழக்கம் மட்டும் எம்மிடையே நன்றாகப் பதிந்திருக்கின்றது. அதே அக்கறையோடு திறப்புகளின் தொகையையும் ஒப்பந்தத்தில் எழுதச் செய்தல் வேண்டும். அச்சடித்த விற்பனை ஒப்பந்தங்களில் அதற்கென இடம் உண்டு. பலர் வெறுமையாக விட்டுவிடுகின்றார்கள். கார் களவுபோனால் காப்புறுதி நிறுவனம் முதலிற் கேட்பது எல்லாத் திறப்புகளையும்தான். ஒன்றை மட்டும் கொடுத்தால் மற்றது எங்கே என்று கேட்பார்கள். ஒன்றே தரப்பட்டது என்று கையொப்பத்தோடு எழுதியிருந்தால் பதில் உண்டு. எழுதாவிட்டால், தானே காரை விற்றுவிட்டுக் களவு என்று சொல்கின்றானோ என்ற சந்தேகம், ஏற்கனவே டொச் மொழியிற் தடுமாறும் எம்மவர் மீது எளிதில் விழும்.

ஒரே திறப்போடு வாங்கியே ஆகவேண்டும் என்றால், புதியதொன்றின் செலவைக் கராஜில் விசாரித்து விலையிற் குறையுங்கள். பழைய திறப்புகளைக் காரின் நினைவிலிருந்து அழிக்கவும் கராஜில் முடியும். அழித்த பின்பு தொலைந்த திறப்பால் இயந்திரத்தை இயக்க முடியாது. கதவின் இரும்புப் பூட்டை மட்டும் அது அப்போதும் திறக்கும்.

சென்ற மாதம், நாட்டுக்கு வந்து இரண்டு ஆண்டுகளேயான தம்பி ஒருவருடன் கார் பார்க்கப் போயிருந்தோம். “ஸ்வைற்ற ஸ்லூசல்?” என்று இரண்டே சொற்களில் இரண்டாவது திறப்பைக் கேட்கும்படி வழியிற் சொல்லிக்கொடுத்தோம். கார் நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவது திறப்பு தாயாரின் வீட்டில் இருக்கின்றது, தபாலில் அனுப்புகின்றேன் என்றார் விற்பவர். அது வரும்வரை 300 யூரோவைப் பிடித்து வைக்கலாமா என்று நாம் கேட்டோம், மறுத்தார். தாயாரின் வீட்டுக்கு நாமே வந்து பெற்றுக்கொள்கின்றோம் என்றோம், அதற்கும் மறுத்தார். தம்பிக்கு மனமேயில்லை, விலை அவ்வளவு மலிவு. புகையிரதத்தில் திரும்பும்போது எம்முடன் அவர் பேசவில்லை. இப்போதும் சக தொழிலாளி ஒருவரின் காரிலேயே வேலைக்குப் போய் வருகின்றார். வரும் சனிக்கிழமை இன்னொரு காரைப் பார்க்க அழைத்திருக்கின்றார். இம்முறை பற்றரியைத் தானே வாங்கி வைத்திருப்பதாகச் சொன்னார்.